எந்த அடுக்குக்குத் திரும்புவது? அம்பாசடர், வீட்டுக் கொட்டகை, 'மூலவடிவம்' என்னும் சட்டச்சொல்

பழைய அம்பாசடர் ஒன்றின் கதவை உப்புத்தாள் கொண்டு தேய்க்கத் தொடங்குபவர் சில மணி நேரத்திலேயே ஒரு சிறு அகழாய்வுக்குள் இறங்கிவிடுகிறார். மேலே கடைசி உரிமையாளர் பூசிய வெள்ளை. அதன் கீழே யாரோ விரும்பிய வெளிர்நீலம். அதற்கும் கீழே வாடகை வண்டியாக ஓடிய காலத்தின் மஞ்சளோ கறுப்போ. இடையிடையே சாம்பல்நிறப் பட்டி, பட்டிக்கு அடியில் சுத்தியலின் தழும்பு, செங்காவிநிற ரெட் ஆக்சைடு, இறுதியாகத் தகரம். தகரம் கண்ணில் பட்டவுடன் ஒரு கேள்வி எழுகிறது. இந்த அடுக்குகளில் எதற்கு இந்த வண்டியைத் திருப்பிக் கொண்டுசெல்வது?

ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்களுக்குப் பழக்கமான கேள்வி இது. ஆனால் பதிப்பாசிரியருக்கு அடிக்குறிப்பு என்றோர் இடம் உண்டு. தான் தள்ளிய பாடத்தை அங்கே பாடபேதமாகப் பதிந்துவிடலாம். காரைப் பழைய நிலைக்கு மீட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு பாடத்தைத் தேர்ந்தால் மற்றவை தூளாகித் தரையில் விழும். இந்தியாவில் இந்தத் தேர்வு பிற இடங்களைவிடக் கடினமானது. அதற்கான காரணம் இந்தியக் கார் ஓடிய பொருளாதாரத்தில் இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் தன் ஆலையைத் தொடங்கியது. சிறிது காலத்தில் ஃபோர்டும் வந்தது. பெட்டிகளில் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டித் தருவதே இவற்றின் பணி. இங்கு வார்ப்பும் இல்லை, கடைசலும் இல்லை. 1942-இல் பிர்லா குழுமம் நிறுவிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கிப் பின்னர் ஹூக்ளிக் கரையின் உத்தர்பாராவுக்குப் பெயர்ந்தது. 1944-இல் வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தோன்றியது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கே இடம் என்ற நிலைப்பாட்டை 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரை உறுதிசெய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அதையடுத்து விடைபெற்றன. பயணிகள் கார் என்று எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு நாட்டின் சாலைகள் மூன்று ஆலைகளின் கையில் இருந்தன: உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாய் குர்லாவின் ஃபியட் 1100, சென்னை ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் ஹெரால்டு.

மூன்றும் ஐரோப்பிய வடிவங்கள். அம்பாசடரின் தாய் 1956-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அந்த வண்டி அங்கே சில ஆண்டுகளில் மறைந்தது; உத்தர்பாராவிலோ 2014 மே வரை உயிரோடிருந்தது. ஃபியட் 1100, 1970-களின் நடுவில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, நூற்றாண்டின் இறுதியையும் எட்டியது. அச்சு ஒன்றே என்றாலும் வண்டி ஒன்றல்ல. தொடக்ககால அம்பாசடரில் இருந்தது லேண்ட்மாஸ்டரிலிருந்து வந்த 1476 சி.சி. பக்கவால்வு எஞ்சின், ஓரிரு ஆண்டுகளில் அதன் இடத்தில் 1489 சி.சி. மேல்வால்வு எஞ்சின் வந்தது. 1963-இல் இரண்டாம் குறி, 1975-இல் மூன்றாம் குறி, 1970-களின் இறுதியில் நான்காம் குறியும் டீசல் அம்பாசடரும், 1990-களில் இசுசு எஞ்சின் கொண்ட வகை. முகப்புக் கம்பிவலை மாறும், விளக்கு மாறும், அளவுமானிப் பலகை மாறும். கூடு ஏறக்குறைய அதுவே. ஆகவே 1964-இல் பிறந்த ஒரு வண்டி 1985-இல் முகப்பை மாற்றிக்கொண்டு புதுவண்டியைப் போல் நிற்பதற்குத் தடையே இல்லை. போல்ட் துளைகள்கூடப் பெரும்பாலும் ஒத்துப்போகும். அப்படி முகம் மாற்றிக்கொண்டவை ஏராளம்.

ஏன் மாற்றினார்கள்? விருப்பத்தால் என்பதைவிட வேறு வழியின்மையால் என்பதே பொருத்தம். 1959-இல் கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1969-இல் விலையும் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. புது வண்டிக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. இறக்குமதி உரிமம் இன்றி வெளிநாட்டு உதிரிபாகம் வராது. வண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவது என்ற எண்ணமே நடுத்தரக் குடும்பத்துக்குக் கிடையாது. ஹாரனைத் தவிர எல்லாப் பாகமும் ஒலிக்கும் என்று அம்பாசடரைப் பற்றி வழங்கிய கிண்டல், அந்த ஒலியை ஒவ்வொரு வாரமும் அடக்கிக்கொடுத்த ஒரு தொழிற்கூட்டம் இருந்தது என்பதற்கும் சான்று.

அந்தத் தொழிற்கூட்டத்தின் வேலைமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் தேய்ந்தால் சிலிண்டரைக் கடைந்து, அளவு கூடிய பிஸ்டன் போடுவார்கள். முதலில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, பிறகு இருபது, முப்பது, நாற்பது. அதற்குமேல் கடைய இடமில்லை என்றால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். அம்பாசடர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். நாற்பது வரை கடைந்த நிலையில் விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடும், 1489 சி.சி. என்று பதிவுச் சான்றிதழ் சொல்லும் எஞ்சின் உண்மையில் 1530 சி.சி. அளவை எட்டியிருக்கும். இது பழுதுபார்ப்பா, மாற்றியமைப்பா? லேத் பட்டறைக்காரருக்கு அப்படியொரு வேறுபாடே தோன்றியிருக்காது.

1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறியபோது மாற்றங்கள் இன்னும் துணிச்சலாயின. மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை அம்பாசடரிலும் ஜீப்பிலும் இறக்கினார்கள். எஞ்சின் தாங்கிகளைப் புதிதாக வெட்டி ஒட்ட வேண்டும். கியர்பெட்டியோடு இணைக்க இடைத்தகடு கடைய வேண்டும். கூடுதல் எடைக்கு முன் சஸ்பென்ஷனை உயர்த்த வேண்டும். இவையெல்லாம் வரைபடம் இல்லாமலே நடந்தன. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ஜீப் கட்டுவது தனித் தொழிலாகவே வளர்ந்தது. ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்புகளும் அவற்றின் பாகங்களும் இத்தகைய பட்டறைகளுக்கு நெடுங்காலம் மூலப்பொருளாயின. கொல்கத்தாவின் மல்லிக் பஜார், தில்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை ஆகிய சந்தைகள் இன்றும் இந்தப் பொருளாதாரத்தின் கிடங்குகள்.

தொழில்நுட்ப வரலாற்றாய்வு இதைக் கவனிக்கத் தொடங்கியது மிகத் தாமதமாகத்தான். டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளியிட்ட 'த ஷாக் ஆஃப் தி ஓல்டு' நூல், கண்டுபிடிப்பின் கதையிலிருந்து பயன்பாட்டின், பராமரிப்பின் கதைக்கு நோக்கைத் திருப்பியது. டேவிட் ஆர்னல்டின் 2013-ஆம் ஆண்டு நூல் மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றைக் கொண்டு இந்திய நவீனத்துவத்தை எழுதிக்காட்டியது. காருக்கு அத்தகைய வரலாறு இந்தியாவில் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. கிடைப்பவை பெரும்பாலும் ஆலைகளின் வரலாறு, கொள்கைகளின் வரலாறு, மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் வரலாறு.

அமெரிக்க நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டுகளை விரட்டிய இளைஞர்கள், தம் வீட்டுக் கொட்டகையில் தம் கையால் அவற்றை மாற்றியமைத்தவர்கள். 1948 ஜனவரியில் 'ஹாட் ராடு' இதழ் தொடங்கியபோது அந்தப் பொழுதுபோக்குக்கு அச்சுமேடையும் கிடைத்தது. கேத்லீன் ஃபிரான்ஸ் தம் நூலுக்கு இட்ட தலைப்பே 'டிங்கரிங்'. உரிமையாளரே கைவைத்துப் பார்ப்பதை ஆங்கிலத்தில் அச்சொல் குறிக்கிறது. அதே சொல் தமிழில் என்ன ஆனது என்பது சுவையானது. இங்கே டிங்கரிங் என்பது பட்டறையில் கூலிக்குச் செய்யப்படும் தகர வேலை. டிங்கர் என்பவர் ஒரு தொழிலாளி. 'பட்டி டிங்கரிங் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்' என்றால் குறை மறைத்துப் பூசியிருக்கிறார்கள் என்ற ஏளனமும் அதில் கலந்துவரும். ஒரு மொழியில் ஓய்வுநேரத்தின் பெருமையாக இருந்த சொல், இன்னொரு மொழியில் உழைப்பின் பெயராகவும் ஐயத்தின் பெயராகவும் மாறியிருக்கிறது.

இந்தச் சொற்பயணத்துக்குச் சமூகக் காரணம் உண்டு. கார் வைத்திருந்தவர் ஸ்பானர் பிடித்தவர் அல்லர். ஸ்பானர் பிடித்தவர் பெரும்பாலும் கார் வைத்திருந்தவர் அல்லர். பங்களாவின் ஓரத்தில் கார் ஷெட் இருந்தது. ஆனால் அது வண்டி உறங்கும் இடமாகத்தான் இருந்தது, வேலை நடக்கும் இடமாக அல்ல. கையில் கிரீஸ் படுவது யார் வேலை என்ற கேள்வியில் வர்க்கமும் சாதியும் ஒளிந்திருந்தன. வட இந்தியப் பட்டறைகளில் 'உஸ்தாத்' என்றும் 'மிஸ்திரி' என்றும் அழைக்கப்பட்டவர்களிடம் சிறுவர்கள் வேலைக்குச் சேர்ந்து, ஆண்டுகள் கழித்துத் தாமும் உஸ்தாத் ஆயினர். காதால் கேட்டு வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் அறிவு அந்த வழியில்தான் கைமாறியது. அந்த அறிவுக்கு எழுத்துச் சான்று இல்லை. வண்டியின் உடலே சான்று.

பழைய கார்களைப் பாரம்பரியமாகக் கொண்டாடும் வழக்கம் இந்தியாவில் மேலிருந்து தொடங்கியது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964-இல் தில்லியில் தொடங்கிய பேரணி இதன் முக்கிய மைல்கல். சமஸ்தானங்களின் கொட்டகைகளிலிருந்து வெளிவந்த பெரும் வண்டிகளே அத்தகைய மேடைகளின் நாயகர்கள். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் அப்போது அங்கே வேலையில்லை, அவை அன்றாடம். அன்றாடம் பாரம்பரியமாக வேண்டுமானால் முதலில் அது மறைய வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் அந்த மறைவு தொடங்கியது. 2014-இல் உத்தர்பாரா ஆலை நின்றது. 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்ஸி, இருபதாண்டு வயது வரம்பை எட்டி, 2023 அக்டோபர் இறுதியில் மும்பைச் சாலையிலிருந்து விலகியபோது செய்தித்தாள்கள் இரங்கற்குறிப்பு எழுதாத குறைதான்.

இந்த மறைவோடுதான் வீட்டுக் கொட்டகையும் உருமாறியது. கடந்த இருபது ஆண்டுகளில் பொறியாளர்களும் வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் தாத்தாவின் வண்டியைத் தம் வாசலிலேயே பிரிக்கத் தொடங்கினர். மலிவான இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரமும் காணொளிகளும் இதற்குத் துணைநின்றன. பிரித்தவர்கள் விரைவில் கண்டுகொண்ட உண்மை, வண்டிகளின் உடலமைப்பு ஒன்றுபோல் இல்லை என்பது. ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டு. உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட்டால் பூட்டப்பட்டவை. முன்மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழும். இடவசதி குறைந்த வீட்டுக்கு அது ஏற்றது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் கூடே சட்டகம். கதவின் கீழ் ஓடும் பக்க விட்டம் துருவேறினால், அதை வெட்டி எடுப்பதற்குமுன் கதவுநிலைகளுக்குக் குறுக்கே இரும்புத்தாங்கு கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் வெட்டினால் கூடு தன் எடையிலேயே தொய்யும். பிறகு எத்தனை கீல் மாற்றினாலும் கதவு சேராது. அம்பாசடரின் முன் சஸ்பென்ஷனில் உள்ள முறுக்குத் தண்டுகளில் இடம், வலம் குறித்துவைக்க வேண்டும்; ஒரு திசையில் முறுகிப் பழகிய எஃகை எதிர்த்திசையில் போட்டால் நாளடைவில் முறியும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளை பட்டியால் அடைபட்டிருக்கும். துருவின் பாதிக் கதை அங்கேயே தொடங்குகிறது.

இந்த இடத்தில்தான் மீட்டெடுப்போரும் மாற்றியமைப்போரும் பிரிகின்றனர். ஒரு சாரார் டைனமோவையே தேடிப் பொருத்துவர். மறு சாரார் ஆல்டர்னேட்டர் போட்டு விளக்கை ஒளிரவைப்பர். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், ரேடியல் டயர், இருக்கைப் பட்டை, குளிர்சாதனம் எனப் பட்டியல் நீளும். இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் 1960-களின் அம்பாசடருக்குள் இறங்குவதுண்டு. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பர். ஆனால் அந்த எஞ்சினை அதே கூட்டுக்குள் முதலில் இறக்கியது உத்தர்பாரா ஆலையே அல்லவா? 1990-களில் சிறு எண்ணிக்கையில் அம்பாசடர்கள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின என்பதையும் நினைத்தால், எது மூலம், எது படி என்பதே குழம்புகிறது. இதில் தூய்மைவாதிகளின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. டிஸ்க் பிரேக் உயிரைக் காக்கும். ஆனால் 1962-இன் பிரேக் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தூரத்தில் நின்றது, அதை ஓட்டியவரின் கால் எப்படிப் பழகியிருந்தது என்பதை மாற்றப்படாத வண்டியே சொல்லும்.

சட்டம் இந்த விவாதத்துக்குள் இரண்டு திசைகளிலிருந்து நுழைந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு 2000-இல் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது திருத்தத்தின் சாரம். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. எரிபொருள் மாற்றத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட வழி உண்டு. தேய்ந்த எஞ்சினுக்குப் பதிலாக அதே வகை எஞ்சினை அனுமதியோடு பொருத்தலாம். மற்றபடி உற்பத்தியாளரின் விவரக்குறிப்பே இறுதி. சாலைப் பாதுகாப்பை முன்னிட்டுப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. கண்ட இடத்தில் வெட்டி ஒட்டிய ஜீப்புகள் பிறர் உயிருக்கும் ஆபத்தானவை.

இரண்டாவது, 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட பழம்பெரும் வாகன விதிகள். முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்குப் பத்து இலக்கக் குறியீட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடிக்காலம் பத்தாண்டு. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பேரணி, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்த பின்னணியில், பழைய வண்டிகளுக்கு இப்படியொரு தனியிடம் கிடைத்தது பெரிய ஆறுதல்தான்.

ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு: வாகனம் மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் உள்ளிட்ட பெரும் சீரமைப்புக்கு ஆளாகியிருக்கக் கூடாது. தட்டுப்பாடில்லாத நாட்டில் எழுதப்பட்டிருந்தால் இது இயல்பான வரையறை. 1975-இல் பதிவான அம்பாசடர் 2025-இல் ஐம்பதைக் கடக்கிறது. அதன் கூட்டில் மும்முறை தகரம் மாறியிருக்கும். எஞ்சின் கடையப்பட்டிருக்கும், அல்லது டீசலாகியிருக்கும். எந்த அரசின் உரிமக் கொள்கை அந்த மாற்றங்களைத் தவிர்க்க முடியாதவை ஆக்கியதோ, அதே அரசின் விதி இப்போது அவற்றைக் குறைபாடாக எண்ணுகிறது. மாற்றமின்றித் தப்பியவை யாவை? அதிகம் ஓடாதவை, அரண்மனையில் உறங்கியவை, உதிரிபாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் வசதி படைத்தவர்களுடையவை. டாக்ஸியாகவும் குடும்ப வண்டியாகவும் தேய்ந்து உழைத்தவை வரையறைக்கு வெளியே நிற்கின்றன. பொது நினைவில் 'இந்தியக் கார்' என்று பதிந்திருப்பதோ இந்த இரண்டாம் வகைதான்.

விதியின் சொற்களை நெகிழ்வாகப் படிக்க இடமுண்டு என்று சிலர் கருதலாம். 'பெரும் சீரமைப்பு' எங்கே தொடங்குகிறது என்பது ஆய்வுசெய்யும் அலுவலரின் மதிப்பீட்டைப் பொறுத்ததாகவே அமையும். அந்த இடைவெளியில்தான் வீட்டுக் கொட்டகையில் நடப்பவை முக்கியமாகின்றன. மாற்றத்தை மறைத்து ஆலைத்தோற்றம் தருவதா, மாற்றத்தின் காலத்தையும் காரணத்தையும் ஆவணப்படுத்தி வைப்பதா? முதல் வழியில் உஸ்தாதின் கைத்தழும்பை இன்னொரு பட்டி அடுக்கு மூடிவிடும். இரண்டாம் வழியில் சிலர் ஏற்கெனவே நடக்கிறார்கள்: தேய்ப்பதற்குமுன் ஒவ்வொரு அடுக்கையும் படமெடுத்து, கழற்றிய டீசல் எஞ்சின் தாங்கிகளைப் பெயர்ச்சீட்டோடு பையில் இட்டு, கதவின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய வண்ணங்களைத் தேய்க்காமல் விட்டுவைக்கிறார்கள்.

பதிவு ஆவணங்கள் நிலையோ வேறு. பழைய காகிதப் பதிவுப் புத்தகங்களில் உரிமையாளர் மாற்றம், எஞ்சின் மாற்றம், நிற மாற்றம் ஆகியவை அலுவலகத்து முத்திரையோடும் கையொப்பத்தோடும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு வண்டியின் வாழ்க்கை வரலாற்றுக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது. அட்டை வடிவச் சான்றிதழில் நடப்பு விவரங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. புத்தகத்தை ஒப்படைப்பதற்குமுன் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வைத்துக்கொள்ளும் உரிமையாளர்கள் மிகச் சிலர். பெரும்பாலானோர் புது அட்டையைப் பார்த்த மகிழ்ச்சியில் பழையதை மேசைமேலேயே விட்டுவருகிறார்கள்.